உப்பில்லாத நெய்தல்: ஐல் ராயல் தேசியப் பூங்காவில் மூன்று வாரத் தங்கல்

எழுதி முடிக்க வேண்டிய நாவல் ஒன்று கையில் இருக்கிறது, மூன்று வாரத் தனிமை கிடைத்தால் முடித்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் படைப்பாளர் தங்கல் திட்டங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு வேண்டியது கதவைத் தாழிட்டுக்கொள்ளக்கூடிய ஓர் அறையும், மின்சாரமும், வேளைக்குச் சோறும்தான். சுப்பீரியர் ஏரியின் நடுவே உள்ள ஐல் ராயல் தீவில் அப்படியொரு நாவலோடு போய் இறங்கிய நான், திரும்பும்போது அதில் நான்கு பக்கங்களை மட்டுமே கூட்டியிருந்தேன். அந்த நான்கில் இரண்டைப் பிறகு கிழித்தும் போட்டேன். இருந்தும், இதுவரை நான் தங்கி எழுதிய இடங்களுள் எனக்கு மிகுந்த பயன் தந்தது எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். அதற்கான காரணம் நான் எதிர்பார்த்துப் போன அமைதியோ இயற்கையழகோ அன்று. பெரும் தொந்தரவு என்று நினைத்துக் கையெழுத்திட்ட ஒரு நிபந்தனை.

திட்டம் என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் கீழுள்ள பல பூங்காக்கள், ஓவியர், எழுத்தாளர், இசைக்கலைஞர், புகைப்படக்காரர் போன்றோரைத் தேர்ந்தெடுத்து, சில நாள் முதல் சில வாரம் வரை பூங்காவுக்குள்ளேயே தங்க இடம் தருகின்றன. இது கலைஞர்கள்மேல் இரக்கப்பட்டுச் செய்யும் தானம் அல்ல. 1871இல் யெல்லோஸ்டோன் பகுதியை ஆராயச் சென்ற ஹேடன் குழுவோடு தாமஸ் மோரன் என்ற ஓவியரும் வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற புகைப்படக்காரரும் சென்றார்கள். அவர்கள் கொண்டுவந்த படங்கள் நாடாளுமன்றத்தில் காட்டப்பட்டன. 1872 மார்ச்சில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாகச் சட்டம் நிறைவேறியது. படம் பார்த்த பிறகுதான் பூங்காவே பிறந்தது. ஆகவே பூங்காத் துறை கலைஞரை அழைக்கும்போது, இந்த இடத்தைப் பற்றி நீ மற்றவர்களிடம் பேசவேண்டும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர் ஏமாறமாட்டார்.

ஐல் ராயல் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்தது என்றாலும், மிச்சிகன் கரையைவிட மினசோட்டாக் கரையும் கனடாக் கரையும்தான் அதற்குப் பக்கம். ஏறத்தாழ 72 கிலோமீட்டர் நீளமும், அகலமான இடத்தில் 14 கிலோமீட்டர் அகலமும் கொண்ட தீவு. சுற்றிலும் நானூற்றுக்கு மேற்பட்ட குட்டித் தீவுகள். ஓஜிப்வே மக்கள் இதனை மினோங் என்று அழைக்கிறார்கள். சாலை கிடையாது, கார் கிடையாது, சைக்கிளுக்குக்கூட அனுமதியில்லை. நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பூங்கா முழுவதுமாக மூடப்படுகிறது. ஆண்டுக்கு இருபத்தைந்தாயிரம் பேர் வாக்கில் வருகிறார்கள். யெல்லோஸ்டோனுக்கு ஆண்டுக்கு நாற்பது லட்சம் பேர் வருவதோடு ஒப்பிட்டால், இங்கே கூட்டம் என்ற சொல்லுக்கே பொருளில்லை. கைபேசி இணைப்பும் அநேகமாக இல்லை.

விண்ணப்பத்தில் தமிழ் எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மாதிரிப் படைப்புகளை ஆங்கிலத்தில்தான் தர முடியும். படிப்பவர்களுக்கு நம் மொழியும் தெரியாது, நம் பெயரும் தெரியாது. முதல் முறை நான் நாவலின் ஓர் அத்தியாயத்தை மொழிபெயர்த்து அனுப்பி நிராகரிக்கப்பட்டேன். அது நியாயமான முடிவுதான். பதினைந்து பாத்திரங்கள் உள்ள கதையின் ஏழாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு யாருக்கு என்ன புரியும்? மறுமுறை, தொடக்கமும் முடிவும் உள்ள மூன்று சிறு கட்டுரைகளை அனுப்பினேன். "இங்கே வந்து என்ன செய்வீர்கள்" என்ற கேள்விக்கு நாவலை முடிப்பேன் என்று எழுதாமல், ஒரு நிலத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்க்க விரும்புகிறேன் என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால், தேர்வாக வேண்டும் என்பதற்காக எழுதிய வரி அது. பிறகு அதுவே என் வேலையாகிப் போனது.

ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்பு வேறொரு பூங்காவின் திட்டத்துக்கு நான் விண்ணப்பித்தபோது, தங்கியிருக்கும் நாள்களில் எழுதி நன்கொடையாகத் தரும் படைப்பின் பதிப்புரிமை முழுவதையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஓர் ஓவியரிடம் ஓர் ஓவியத்தைக் கேட்பது வேறு. எழுத்தாளரிடம் உரிமையைக் கேட்பது வேறு. எழுத்தில் மூலப்பிரதி என்று தனியாக ஒரு பொருள் இல்லை, உரிமைதான் பொருள். நான் விலகிக்கொண்டேன். இந்த நிபந்தனை பூங்காவுக்குப் பூங்கா வேறுபடுகிறது, ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்கிறது; ஆகையால் பிறர் சொன்னதை நம்பாமல் அவரவர் கைக்கு வரும் தாளைப் பார்ப்பதே நல்லது.

மிச்சிகனின் ஹூட்டன் நகரிலிருந்து பூங்காத் துறைக்கே சொந்தமான ரேஞ்சர் 3 என்ற கப்பலில் சென்றேன். 165 அடி நீளக் கப்பல், ஆறு மணி நேரப் பயணம். காப்பர் ஹார்பரிலிருந்தும் மினசோட்டாவின் கிராண்ட் போர்ட்டேஜிலிருந்தும் வேறு படகுகள் உண்டு. நீரில் இறங்கும் சிறு விமானமும் உண்டு. கரை மறைந்த பிறகு கண்ணுக்கு எட்டும்வரை நீர்தான். உலகின் நன்னீர் ஏரிகளுள் பரப்பளவில் மிகப் பெரியது இது. 82,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். கடல் என்றே மனம் முடிவு செய்துவிடுகிறது. ஆனால் முகத்தில் தெறித்த நீரை நாக்கால் தொட்டால் உப்புக் கரிப்பதில்லை. அலை இருக்கிறது, கலங்கரை விளக்கம் இருக்கிறது, மூழ்கிய கப்பல்கள் இருக்கின்றன, உப்பு மட்டும் இல்லை.

படைப்பாளர்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது டோபின் ஹார்பர் என்ற நீண்ட நீர்ப்பரப்பின் ஓரத்தில், ஸ்கோவில் முனைக்கு அருகே உள்ள டாஸ்லர் குடில். பூங்கா வருவதற்கு முன்பு கோடைகாலத்துக்காகக் குடும்பங்கள் கட்டிக்கொண்ட மரவீடுகளில் ஒன்று. மின்சாரம் இல்லை, குழாய்நீர் இல்லை, கழிப்பறை வெளியே தனியாக இருக்கிறது. ஒரு தோணி தருகிறார்கள். படகுத்துறையும் கடையும் உணவகமும் உள்ள ராக் ஹார்பருக்கு ஏறத்தாழ இரண்டு மைல் நடக்க வேண்டும். இந்த வசதிக்குறைவுகள் எதையும் அவர்கள் மறைப்பதில்லை. போகுமுன்பே எழுத்தில் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். சொன்னதற்கும் இருந்ததற்கும் வேறுபாடு இல்லாத தங்குமிடம் என்ற வகையில் இதற்கு முழு மதிப்பெண் தருகிறேன்.

தண்ணீர்தான் அன்றாட வேலை. வாளியைக் கொண்டுபோய்ப் பாறையில் மண்டியிட்டு ஏரியில் மொண்டு வரவேண்டும். ஜூன் மாத இறுதியிலும் அந்த நீரில் கையை வைத்து இருபது எண்ணுவதற்குள் விரல்கள் மரத்துவிடும். பார்க்க அத்தனை தெளிவாக இருக்கும் அந்த நீரை அப்படியே குடிக்கக் கூடாது. தீவின் ஓநாய்கள் மூஸ் மான்களைத் தின்கின்றன. மானின் நுரையீரலில் உள்ள நாடாப்புழுவின் கட்டி ஓநாயின் குடலுக்குப் போய், அங்கிருந்து முட்டைகளாக வெளியேறி நீரில் கலக்கிறது. மனிதர் அதைக் குடித்தால் மானுக்கு நேர்வது மனிதருக்கும் நேரலாம். அதனால் கொதிக்கவைக்க வேண்டும், அல்லது நுண்ணிய வடிகட்டியில் வடிக்க வேண்டும். வெறும் மாத்திரை போதாது. என் ஊரில் மலையேறுவோருக்கான பொருள்கள் விற்கும் ஒரு கடையில், மூன்று வாரத்துக்கு இதுவே தாராளம் என்று சொல்லி விற்ற வடிகட்டி ஐந்தாம் நாளே அடைத்துக்கொண்டது. மாற்று உறை வாங்கச் சொல்லவில்லையே என்று அந்தக் கடைக்காரரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே, மீதி நாள்கள் முழுவதும் காய்ச்சிய நீரைத்தான் குடித்தேன். உங்கள் வடிகட்டிக்கு மாற்று உறை குறைந்தது இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் நாமே கொண்டுபோக வேண்டும். அரிசி, பருப்புப்பொடி, ரசப்பொடி, மோர்மிளகாய் என்று கெடாதவற்றோடு சமாளித்தேன். ராக் ஹார்பர் கடையில் கிடைப்பவை நடைபயணிகளுக்கானவை; காய்கறிக்கு ஏங்கியே மூன்று வாரமும் கழிந்தது. கொசுவும் கருப்பு ஈயும் ஜூன், ஜூலையில் உச்சத்தில் இருக்கும். தலைக்குப் போடும் வலைத்துணி இல்லாமல் அந்த மாதங்களில் போவது மடமை. கரடி இந்தத் தீவில் இல்லை என்பது ஆறுதல்.

தோணிக்கு வருகிறேன். எனக்குத் துடுப்புப் போடத் தெரியாது. நான்கு பாகை வெப்பநிலையில் இருக்கும் நீரில் கவிழ்ந்தால் நீந்தத் தெரிந்திருப்பதும் அதிக நேரம் காக்காது என்று பூங்காக் காவலரான ரேஞ்சர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, உயிர்காப்பு உடையை இறுக்கிக்கொண்டு, கரையிலிருந்து நாலு துடுப்புத் தொலைவுக்கு மேல் போவதில்லை என்று முடிவுசெய்தேன். இரண்டாம் வாரம் ஒரு விடியற்காலை காற்றே இல்லை. டோபின் ஹார்பர் எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. அப்போது ஒரு லூன் பறவை தோணிக்கு இருபதடித் தொலைவில், ஓசையே இல்லாமல், நீருக்குள்ளிருந்து மேலே வந்தது. கறுத்த தலை, சிவந்த கண், முதுகில் கட்டம் போட்டதுபோல வெள்ளைப் புள்ளிகள். முதுகின் புள்ளிகளுக்கிடையே சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது; குஞ்சு. தாயா தந்தையா என்று எனக்குத் தெரியாது, இரண்டுமே குஞ்சைச் சுமக்கும். பறவை என்னைப் பார்த்தது, கழுத்தை ஒருமுறை நீட்டி மடக்கியது, பிறகு அவசரமே இல்லாமல் விலகிப் போனது. மூழ்கவில்லை; குஞ்சு முதுகில் இருக்கும்போது எப்படி மூழ்கும்? முந்தைய இரவுகளில் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பிய அந்த நீண்ட ஊளைக் குரலுக்கு உரியது இந்தப் பறவைதான் என்று நம்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

எழுதும் சூழல் எப்படி என்று கேட்பீர்கள். மடிக்கணினியின் மின்கலம் இரண்டாம் நாளே தீர்ந்தது. நான் மீண்டும் அதை உயிர்ப்பிக்க முயலவில்லை. கையால் எழுதினேன். இத்தீவு கிழக்கத்திய நேர மண்டலத்தின் மேற்கு ஓரத்தில், வடக்கே வெகு தொலைவில் இருப்பதால், ஜூன் இறுதியில் இரவு பத்து மணியை ஒட்டித்தான் சூரியன் மறைகிறது. விளக்கு இல்லையே என்ற குறை தெரியவில்லை. மேசை சன்னலோரமாக இருந்தது. அதுதான் சிக்கலும். நாவலில் நடப்பது ஒரு நகரத்து மாடிக்குடியிருப்பில்; சன்னலுக்கு வெளியே தேவதாரு மரங்களின் கிளையில் தாடிபோல் தொங்கும் லைக்கனும், அதை எட்டித் தின்ன வரும் மூஸ் மானும். குதிரையைவிட உயரமான ஒரு பெண் மான் கழிப்பறைக்குப் போகும் பாதையை மறித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றால், எந்தப் பாத்திரத்தின் மனப்போராட்டமும் எழுத்தில் நிற்காது.

இனி அந்த நிபந்தனை. தங்கியிருக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒன்று என்ற கணக்கில் பொதுமக்களுக்கு நிகழ்ச்சி நடத்த வேண்டும். பிற்பாடு இத்தங்கலின் அடையாளமாக ஒரு படைப்பைப் பூங்காவுக்கு அளிக்க வேண்டும். ஓவியர்களுக்கு இது எளிது என்று எனக்கு முன்னமே பொறாமை இருந்தது. வண்ணம் பூசுவதைச் சுற்றி நின்று பார்க்கலாம். எழுதுவதை யார் பார்ப்பார்கள்?

முதல் நிகழ்ச்சி ராக் ஹார்பரின் கூடத்தில், மாலை நேரத்தில். என் சிறுகதையின் ஆங்கில வடிவத்தை நாற்பது நிமிடம் படித்தேன். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அன்று முழுவதும் பத்துப் பன்னிரண்டு மைல் மூட்டை சுமந்து நடந்தவர்கள். இருவர் நன்றாகவே உறங்கினார்கள். மற்றவர்கள் மரியாதைக்குக் கைதட்டிவிட்டு, ஓநாயைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்றேன். அத்தோடு கூட்டம் கலைந்தது. இரண்டு மைல் நடந்து குடிலுக்குத் திரும்பும்போது, இன்னும் இரண்டு முறை இப்படி நிற்க வேண்டுமே என்று மனம் கனத்தது.

இரண்டாம் வாரம் எதையும் படிப்பதில்லை என்று தீர்மானித்தேன். பதிலாக, எங்கள் மொழியின் பழைய கவிதையில் நிலத்தை எப்படிப் பிரித்தார்கள் என்று சொன்னேன். மலை, காடு, வயல், கடற்கரை, பாலை என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொழுது. ஒவ்வொன்றுக்கும் உரிய விலங்கு, பறவை, மரம், உணவு, பறை, தொழில் என்ற கருப்பொருள்கள். இவை எல்லாம் சேர்ந்து சுட்டுகிற ஒரு மனநிலை, அதுவே உரிப்பொருள். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, இந்தத் தீவுக்கு ஒரு திணை அமைப்போம், நீங்கள் இன்று கண்டதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். கூடம் விழித்துக்கொண்டது. மூஸ், லூன், தேவதாரு என்று கைகள் உயர்ந்தன. உணவுக்கு ஒருவர் நீரூற்றிக் கிளறும் பொட்டலச் சோற்றைச் சொன்னார். எல்லோரும் சிரித்தாலும் அது சரியான விடைதான், அங்கே அத்தனை பேரும் தின்பது அதைத்தான். பறை எது என்பதில் சண்டையே வந்தது; கப்பலின் ஊதொலி என்று முடிவானது.

உரிப்பொருள்தான் நின்றுவிட்டது. தனிமை என்றார் ஒருவர், வியப்பு என்றார் இன்னொருவர். பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்து, காத்திருப்பது என்றார். மூடுபனி இறங்கினால் படகும் விமானமும் வராது, தீவில் இருப்பவர் கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான், நாற்பது ஆண்டுகளாக வருகிறேன், எனக்கு இந்த இடம் என்றால் அதுதான் என்றார். எனக்குச் சுருக்கென்றது. முல்லைக்கு உரியது இருத்தல், வருவார் என்ற நம்பிக்கையோடு காத்திருப்பது. நெய்தலுக்கு உரியது இரங்கல், வரவில்லையே என்று கரையில் நின்று வருந்துவது. இரண்டும் காத்திருப்புத்தான், இரண்டும் வேறு. இந்தத் தீவு காடாகவும் இருக்கிறது, கரையாகவும் இருக்கிறது. எது என்று அவரிடமே கேட்டேன். படகு நாளை வருமா இல்லையா என்பதைப் பொறுத்தது என்றார்.

இருபது ஆண்டுகளாகத் திணையைப் பற்றிப் படித்தும் பேசியும் வருகிறேன். அது தேர்வுக்குரிய வாய்பாடாக இல்லாமல் ஒரு மனிதரின் அனுபவத்தைப் பிடிக்கும் கருவியாக என் கண்முன்னே வேலை செய்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நாவல் தாள்களைக் கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு, அன்றிரவே வேறொன்றை எழுதத் தொடங்கினேன்.

மூன்றாவது நிகழ்ச்சியைக் கூடத்தில் வைக்காமல் நடையாக வைத்துக்கொண்டேன். ராக் ஹார்பரிலிருந்து ஸ்கோவில் முனைக்குப் போகும் பாதைக்கு ஆல்பர்ட் ஸ்டோல் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் டெட்ராய்ட் நகரப் பத்திரிகையாளர். இந்தத் தீவைப் பூங்காவாக்க வேண்டும் என்று 1920களில் ஓயாமல் எழுதியவர். 1931இல் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது, 1940இல் பூங்கா முறையாக அமைந்தது. மோரன் ஓவியத்தால் செய்ததைப் போன்ற ஒரு வேலையை இவர் நாளிதழ்க் கட்டுரைகளால் செய்திருக்கிறார். அதே பாதையோரத்தில், பழங்குடி மக்கள் செம்புக்காகத் தோண்டிய பழைய பள்ளங்கள் பாசி படர்ந்து கிடக்கின்றன. இந்தத் தீவில் செம்பெடுத்த வரலாறு நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. பள்ளத்தின் விளிம்பில் நின்றபோது நீர்ப்பக்கமிருந்து லூனின் குரல் கேட்டது. எட்டு வயதிருக்கும் சிறுமி ஒருத்தி, உங்கள் மொழியில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டாள். பெயர் இல்லை, அந்தப் பறவை எங்கள் ஊருக்கு வருவதில்லை என்றேன். அப்படியானால் நீங்களே வையுங்கள் என்றாள். முக்குளிப்பான் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் அது நம் குளத்துப் பறவையின் பெயர், அதை இதற்குக் கொடுத்தால் இரண்டுக்கும் அநியாயம். நேரம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இங்கே தங்குபவர் ஓநாய், மூஸ் ஆய்வைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டு போவது நல்லது. 1958இல் தொடங்கிய அந்த ஆய்வு, இரைக்கும் இரைகொல்லிக்கும் உள்ள உறவை ஒரே இடத்தில் இத்தனை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்துவரும் ஆய்வு என்ற பெயர் பெற்றது. உறைந்த ஏரியின் மேல் நடந்து வந்த ஓநாய்களின் வழிவந்தவை, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்பெருக்கி நலிந்து, 2018இல் இரண்டே இரண்டாகக் குறைந்தன. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டுமாகப் பத்தொன்பது ஓநாய்களை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். முன்பு 1980களின் தொடக்கத்தில் நாய்களிடமிருந்து வந்த பார்வோ நோய் ஓநாய்களைக் கொன்றது. தீவுக்கு நாயைக் கொண்டுவரத் தடை இருப்பதன் காரணம் அதைக் கேட்டபோது விளங்கிற்று. நான் கண்டதெல்லாம் சேற்றில் ஒரு கால்தடம் மட்டும். அதுவும் நரியுடையதாக இருக்கலாம் என்று ரேஞ்சர் சந்தேகப்பட்டார்.

மற்றப் பூங்காக்களோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்குச் சில சொற்கள். மின்சாரமும் சாலையும் வேண்டும் என்பவர்களுக்குக் கொலராடோவின் ராக்கி மலைப் பூங்கா பொருந்தும். கன்சாஸ் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஆலன் ஒயிட் கோடையில் தங்கிய வீட்டில், இரண்டு வாரம் இடம் தரும் திட்டத்தை 1984 முதல் நடத்தினார்கள். அலாஸ்காவின் டெனாலியில் பத்து நாள். ஓநாய்களைப் பற்றி முன்னோடி ஆய்வு செய்த அடால்ஃப் மியூரி தங்கிய ஈஸ்ட் ஃபோர்க் குடில் அங்கே படைப்பாளர்களுக்குத் தரப்பட்டது. பத்து நாள் ஓவியருக்குப் போதும். எழுத்தாளருக்கு இடம் பழகுவதற்குள் முடிந்துவிடும். நீண்ட தங்கல் வேண்டுமென்றால் ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸைப் பாருங்கள், அங்கே ஒரு மாதம். இவற்றின் நடைமுறைகள் மாறிக்கொண்டே இருப்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்தந்தப் பூங்கா வெளியிடும் அறிவிப்பே கடைசிச் சொல்.

ஐல் ராயலின் குறை என்று நான் கருதுவது பணம். என் முறையில் உதவித்தொகை எதுவும் இல்லை. தங்குமிடம் இலவசம்தான், ஆனால் ஹூட்டன் வரை போய்ச் சேரும் செலவு, மூன்று வாரச் சாமான்கள், சம்பளமில்லாத விடுப்பு ஆகியவற்றைக் கூட்டினால் கணிசமான தொகை வருகிறது. வேலையில் இருந்துகொண்டு, விடுப்பும் எடுக்க முடிந்தவர்களுக்கே இது கைகூடும். சிறு குழந்தைகள் உள்ள எழுத்தாளர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இத்தகைய திட்டம் எட்டாத இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. உடல்நிலையும் ஒத்துழைக்க வேண்டும். அவசரம் என்றால் உடனே கரைசேர வழியில்லை. மூட்டுவலி உள்ளவர்கள் அந்த இரண்டு மைல் கற்பாதையை வாரத்தில் மூன்று முறையாவது மூட்டையோடு நடக்க வேண்டியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மற்றபடி, கவிஞர்களுக்கும் கட்டுரையாளர்களுக்கும், எதைப் பற்றி எழுதுவது என்று இன்னும் தெரியாத நிலையில் இருப்பவர்களுக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். கூச்சம் உள்ளவர்களுக்கும்தான். மூன்றில் ஒரு கூட்டம் சொதப்பினாலும் மிச்சம் இரண்டு இருக்கும்.

நான் கிளம்ப வேண்டிய நாளில் மூடுபனி இறங்கியது. கப்பல் புறப்படுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. படகுத்துறைப் பலகையில் மூட்டைகளின் மேல் பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. காலை பத்து மணிக்கு முல்லையாக இருந்த அந்த இடம் நண்பகலுக்குள் நெய்தலாகிவிட்டதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டு மணியளவில் பனி விலகி, ஊதொலி கேட்டது.

நன்கொடையாக அளித்தது அந்தக் குறிப்புகளிலிருந்து விரிந்த கட்டுரை. தமிழ் மூலத்தையும் ஆங்கில ஆக்கத்தையும் சேர்த்தே தருவேன் என்றேன், மறுப்பேதும் சொல்லவில்லை. லூனுக்கு நான் பெயர் வைக்கவில்லை, லூன் என்றே எழுதினேன். ஓசை பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஹூட்டன் அலுவலகத்தில் நேரில் கொடுத்தபோது, வாங்கிய பெண்மணி தமிழ்த் தாள்களை இருபுறமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கோப்பில் வைக்கும்போது தலைகீழாக வைத்துவிடக் கூடாது, எது மேல்பக்கம் என்று கேட்டார். காட்டினேன். ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் சின்னதாக ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டார்.